இருபத்தைந்து ஆம்பியர் என்று நீ சொன்னாய்

தம்பி,

நீ அல் கோபாருக்குப் போய்விட்டாய் என்பதை எனக்கு டீக்கடைக்காரன் சொன்னான். “என்ன பெரியவரே, மகன் சவுதிக்கு ஏறிட்டாப்லயாமே. ஒரு ஸ்வீட்டு கெடையாதா?” என்றான். “திடீர்னு விசா வந்துருச்சு, கெளம்பிட்டான்” என்று எல்லாம் தெரிந்தவன்போலச் சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே ரூமுக்குத் திரும்பினேன். நீ இருந்த ராஸ் அல் கைமாவிலிருந்து நான் இருக்கும் ஜெபல் அலிக்குப் பஸ் மாறி வந்தால் மூன்று மணி நேரம். வர முடியவில்லை என்றால் ஒரு போன். அதுவும் முடியாதென்றால் ‘போறேன்’ என்று ஒரு மெசேஜ். பெற்ற தகப்பனுக்கு மூன்றாம் மனிதன் வாயால் சேதி வருவது எப்படிப்பட்ட அவமானம் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தாய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனதில் கசப்பை வைத்துக்கொண்டு ‘அன்பு மகனே’ என்று தொடங்க எனக்கு வராது.

இந்தக் கடிதத்தை உன் போனுக்கு அனுப்பவில்லை. இங்கே தமிழ்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். என் கேம்ப்பில் இருப்பவனும் படிப்பான், உன் பழைய பாக்டரியில் இருப்பவனும் படிப்பான், நீ இருக்கும் ஊரிலும் யாராவது படித்துவிட்டு வந்து உன்னிடம் சொல்வான். வீட்டு விஷயத்தைத் தெருவுக்கு ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று நீ கேட்கலாம். முதலில் தெருவுக்குக் கொண்டுபோனவன் நான்தான். உன்னைப் பற்றி ஒரு பொய்யை எட்டு மாதமாகப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அத்தனை பேரையும் தேடிப் பிடித்துத் தனித்தனியாகத் திருத்த என்னால் முடியாது.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லோடிங் வேலைக்கு என்று வந்தவனை, ஆள் போதவில்லை என்று ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பேட்டரி ரூமில் தள்ளினார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு முன்பிருந்த பெஷாவர்க்காரரிடம் ஏதாவது கேட்டால், “காம் கரோ பாய், சவால் நை” என்று வாயை அடைப்பார். வேலையைப் பார், கேள்வி கேட்காதே என்று அர்த்தம். ஆசிட் தெறித்து ஓட்டையான சட்டையோடு, லேபிளில் உள்ள இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து, வோல்ட் என்றால் என்ன, ஆம்பியர்-அவர் என்றால் என்ன என்று நானே கண்டுபிடித்தேன். அந்த ரூமில் ஒரு விதி உண்டு. ஆம்பியர்-அவர் கூடினால் பேட்டரி பெரிது. பேட்டரி பெரிதானால் உள்ளே ஈயத் தகடு அதிகம். தகடு அதிகமானால் எவ்வளவு கரண்ட் கேட்டாலும் அசராமல் தரும். நானூறு போட்ட பேட்டரி மூச்சு வாங்கும் சரிவில், அறுநூறு போட்டது சரக்கையும் தூக்கிக்கொண்டு சாவகாசமாக ஏறும். இருபத்திரண்டு வருடத்தில் அந்த விதி என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. அதனால் உலகத்தில் உள்ள எல்லாப் பேட்டரிக்கும் அதுதான் விதி என்று இருந்துவிட்டேன்.

லீவு நாளில் என் கட்டிலுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நீ பார்த்திருக்கிறாய். டார்ச், எமர்ஜென்சி லைட், பவர் பேங்க் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆபீசில் கழித்துப்போட்ட லேப்டாப்பின் பேட்டரியைப் பிளந்தால் உள்ளே விரல் தடிமனில் ஆறு செல், எட்டு செல் இருக்கும். அவற்றைச் சார்ஜரில் போட்டு எத்தனை மில்லி ஆம்பியர்-அவர் தாங்குகிறது என்று பார்ப்பேன். பிறகு பழைய மேலுறையை உரித்துவிட்டு, நீல உறையை மாட்டிச் சூடு காட்டுவேன். புதிதுபோல இறுகிக்கொள்ளும். அதன்மேல் மார்க்கர் பேனாவால் அந்த எண்ணை எழுதிக் கொடுப்பேன். எங்கள் பிளாக்கில் என் கையெழுத்துக்குக் கம்பெனி முத்திரைக்குள்ள மதிப்பு இருந்தது. உறையை உரிக்கும்போது, அந்தச் செல் எந்த மாடல், எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறேன் என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு லீவு நாளில் நீ வந்து உட்கார்ந்ததும் ரூமெல்லாம் மாம்பழ வாசனை.

“என்னடா, வாய்க்குள்ள ஜூஸ் கடை வச்சிருக்க?” என்றேன்.

“சிகரெட்ட விட்டுட்டேம்ப்பா. இது வேப்.”

“பேய வெரட்டிட்டுப் பிசாசக் கூட்டியாந்தியாக்கும்.”

நீ சிரித்துக்கொண்டே அதை எடுத்துக் காட்டினாய். பித்தளைக் குழாய்; உள்ளே ஒரு சுருள் சூடேறி வாசனைத் தண்ணீரைப் புகையாக்கும். உள்ளே போர்டு எதுவும் கிடையாது. அடியில் உள்ள பட்டனை அழுத்தினால் செல்லும் சுருளும் நேருக்கு நேர் சேர்ந்துகொள்ளும். நடுவில் ‘போதும்’ என்று நிறுத்த ஆளில்லை. காலையில் சார்ஜ் போட்டால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்று குறைப்பட்டாய். உன் புகையை நான் வெறுத்தேன். இன்றைக்கும் வெறுக்கிறேன். ஆனாலும் திட்டிக்கொண்டே என் டப்பாவைத் திறந்தேன். நீ நடக்கப் பழகியபோதும் நான் இங்கே, உனக்கு மீசை முளைத்தபோதும் நான் இங்கே. போனில் வரும் ஒரு குரலாகத்தான் உனக்கு அப்பா இருந்தேன். பாடத்தில் சந்தேகம் என்று நீ என்னிடம் கேட்டதில்லை. கேட்டாலும் எனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைத் தேடி நீ வந்து உட்கார்ந்திருந்தாய்.

“இந்தா. மூவாயிரத்தி நானூறு. ஒருநாள் பூரா ஓடும்.”

நீ வாங்கி உருட்டிப் பார்த்தாய். “அப்பா, இப்பக் கெடக்குறது ரெண்டாயிரத்தி ஐநூறுதான். ஆனா அது இருபத்தஞ்சு ஆம்பியர் செல்லு. அதுக்குக் கொறஞ்சு போடக் கூடாதுன்னு இத வித்த கடைக்காரரு சொன்னாரு. இதுல ஆம்பியர் எவ்வளவுன்னு போடலையே?”

“மூவாயிரத்தி நானூறு பெருசா, ரெண்டாயிரத்தி ஐநூறு பெருசா?”

“அது இல்லப்பா, இந்தச் சுருளு பாயிண்ட் டூ ஓம்…”

“பெரிய பேட்டரி குடுக்காத கரண்ட்ட சின்னது குடுத்துருமாடா? ஒங் கடைக்காரன் எத்தன வருசம் பேட்டரி ரூம்ல ஆசிட் மோந்தான்? கேட்டுட்டு வா.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நீ அந்தச் செல்லை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாய். “சரிப்பா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பையில் போட்டுக்கொண்டாய். என் மகன் நாலு பேர் முன்னால் என்னிடம் ஒப்புக்கொண்டான் என்று எனக்கு அன்றைக்கு இரண்டு சப்பாத்தி கூட இறங்கியது.

மூன்றாம் நாள் மத்தியானம், பாக்டரியில் சாப்பாட்டு இடைவேளையில் அது உன் கையில் வெடித்தது.

நான் எமர்ஜென்சி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. உள்ளங்கை வெந்திருந்தது. உதட்டோரம் தையல் போட்டிருந்தார்கள். ஏசி மெக்கானிக்குக் கைதான் எல்லாமே என்று கட்டிலைப் பார்த்த கணத்திலேயே என் மனதில் ஓடியது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த போர்மேன், கீழக்கரைக்காரர், பக்கத்தில் நின்றார்.

“தம்பி, ஆபீஸ்ல ரிப்போர்ட் கேக்குறாங்க. அந்த பேட்டரி எங்க வாங்குன?” என்று கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். பிறகு, “மார்க்கெட்ல பாய். ரோட்டோரம் ஒருத்தன் வச்சு வித்தான்” என்றாய்.

“பில்லு?”

“பில்லு மாஃபி” என்று, இல்லை என்பதை அரபியில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாய். தையல் விடவில்லை.

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். “எத்தன தடவ சொல்லியிருக்கேன், கண்ட எடத்துல வாங்காதன்னு! அப்பன் பேச்சக் கேட்டாத்தான?” என்று வார்டு அதிரக் கத்தினேன். நர்ஸ் வந்து அதட்டினார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

கேம்ப் ரூமில் வைத்து லித்தியம் பேட்டரியைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். தெரிந்தால் விசாவைக் கேன்சல் பண்ணி என்னை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்காக நீ மறைத்தாய். நான் எதற்காக மறைத்தேன்? வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால் கேட்பவர்கள் பாவம் என்று தலையாட்டுவார்கள். அது கௌரவமான பொய். வேலை போவதைப் பற்றி நான் அந்த நிமிடம் நினைக்கக்கூட இல்லை. ‘பேட்டரி விஷயத்தில் நான் தப்புப் பண்ணிவிட்டேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் உண்மை.

கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு லீவு நாளில் நீ ஜெபல் அலிக்கு வந்தாய். எதற்கு வந்தாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மெஸ்ஸில் நீ இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பாதி தட்டிலும் பாதி மேசையிலும் விழுந்தது. எல்லோரும் உன் கையையே பார்த்தார்கள். நான் பேச ஆரம்பித்தேன். “பாத்துக்கங்கப்பா. ரோட்டுல விக்கிற டூப்ளிகேட் பேட்டரி. அதுல ஒம்பதாயிரத்தித் தொள்ளாயிரம்னு எழுதியிருப்பான், உள்ள ஆயிரங்கூட இருக்காது. என் மகனே ஏமாந்துட்டான்” என்று பாடம் நடத்தினேன். திருவாடானைப் பக்கத்து ஆள் ஒருவர் உன்னிடம், “ஏன் தம்பி, வீட்டுக்குள்ளயே இவ்வளவு தெரிஞ்ச மனுசன் இருக்காரு. ஒரு வார்த்த அப்பாவக் கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

நீ ஸ்பூனைக் கீழே வைத்தாய். “கேட்டிருக்கணும்ண்ணே” என்றாய்.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள முடிவெடுத்தேன்.

அடுத்த வாரம், அதே லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த, இன்னும் உரிக்காத இரண்டு செல் என் டப்பாவில் கிடைத்தது. அவற்றின் பழைய உறையில் இருந்த எழுத்தையும் எண்ணையும் போனில் அடித்துத் தேடினேன். அந்தச் செல்லைச் செய்த கம்பெனியின் தாள் வந்தது. ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படித்தேன். வோல்ட் சரி. கொள்ளளவு மூவாயிரத்தி நானூறு, அதுவும் சரி. அதற்குக் கீழே, தொடர்ந்து எடுக்கக்கூடிய கரண்ட் எவ்வளவு என்ற இடத்தில் ஏழு ஆம்பியருக்கும் குறைவாகப் போட்டிருந்தது. நான் கணக்குப் போட்டேன். நிறையச் சார்ஜ் ஏறிய செல் நாலு பாயிண்ட் இரண்டு வோல்ட். உன் சுருள் பாயிண்ட் இரண்டு ஓம். வகுத்தால் இருபத்தொரு ஆம்பியர். ஏழு தாங்காத செல்லிடம் நீ ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் இருபத்தொன்று கேட்டிருக்கிறாய். கேட்கவைத்தது நான். எட்டாவது படித்தவன் போடக்கூடிய வகுத்தல் கணக்குதான் அது. அன்றைக்கு நீ ‘பாயிண்ட் டூ ஓம்’ என்று தொடங்கியபோது அதைத்தான் சொல்ல வந்திருக்கிறாய். நான் முடிக்கவிடவில்லை.

நம் கேம்ப் பஸ்ஸை நினைத்துப் பார். மில்லி ஆம்பியர்-அவர் என்பது பஸ்ஸில் எத்தனை சீட் என்கிற எண். ஆம்பியர் என்பது கதவின் அகலம், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை பேர் இடிபடாமல் இறங்கலாம் என்பது. என் ஈய பேட்டரிகளில் பெரிய பஸ் என்றால் கதவும் பெரிது. ஆனால் இந்தச் சின்னச் செல்கள் எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிமன். பஸ்ஸைப் பெரிதாக்க முடியாது. சீட் கூட வேண்டுமென்றால் கதவை ஒட்டியும் சீட்டைப் போட வேண்டும், வழி குறுகும். அதனால் கொள்ளளவு கூடின செல்தான் பல நேரம் குறைந்த கரண்ட் தாங்கும். நான் உனக்குக் கொடுத்தது சீட் நிறைந்த, கதவு குறுகின பஸ். நீ பட்டனை அழுத்தினதும் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவுக்குப் பாய்ந்தார்கள். உள்ளே சூடு ஏறி, வழி இல்லாமல், பஸ்ஸே வெடித்தது. இருபத்திரண்டு வருடம் பேட்டரியோடு வாழ்ந்தவன் தெரிந்துகொள்ளாத இதை உன் கடைக்காரன் தெரிந்துவைத்திருந்தான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவனை நாலு பேர் முன்னால் கேலி செய்தேன்.

தெரிந்த பிறகாவது சொன்னேனா? இல்லை. அந்தக் குழாயில் போர்டு இல்லாததுதான் காரணம், நல்ல மிஷினாக இருந்தால் தடுத்திருக்கும் என்று எனக்குள்ளேயே வாதாடினேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு; கொஞ்சம் உண்மை இருந்ததுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. அதற்குள் உனக்கு ஸ்பேனர் பிடிக்க வரவில்லை என்று கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். அப்போதும் போனில் உன்னிடம், “எல்லாம் அந்தப் புகையால வந்த வென” என்றேன். நீ “ம்” என்றாய். அதன் பிறகு நீ என்னிடம் பேசியதெல்லாம் ‘ம்’தான்.

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். அந்தப் புகை உனக்கு வேண்டாம். மாம்பழ வாசனை வந்தாலும் புகை புகைதான். நான் குற்றவாளி என்பதால் நீ செய்ததெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. ஆனால் விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இதைப் படித்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: மார்க்கரில் எழுதின எண்ணை நம்பாதீர்கள், எவ்வளவு பெரிய மனிதன் எழுதியிருந்தாலும். சார்ஜர் காட்டுவது கொள்ளளவை மட்டும்தான். எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பதைச் செய்தவன் தாளில்தான் பார்க்க வேண்டும். தாள் கிடைக்காத செல்லையும் உறை கிழிந்த செல்லையும் வாயருகே கொண்டுபோகாதீர்கள். சாவிக்கொத்தோடு சேர்த்துப் பையில் போடாதீர்கள். என் கையால் நீல உறை போட்ட செல் யாரிடமாவது இருந்தால், அது டார்ச்சில் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தாலும் சரி, கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போன வாரம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு கேம்ப் ஆபீசுக்குப் போய் மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். என்ன செய்வார்கள் என்று இதுவரை சொல்லவில்லை. உன் பழைய போர்மேனுக்கும் போன் பண்ணினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, “பெரியவரே, அந்தப் பையன் ரிப்போர்ட்ல இடது கையால கையெழுத்துப் போட்டான், தெரியுமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கடைசியாக உன் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவளிடம் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஊரில் இருந்துகொண்டு, மகன் விரலை எவனோ ரோட்டுக்கடைக்காரன் கொண்டுபோய்விட்டான் என்று எட்டு மாதமாக அவனைச் சபித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். முழுவதும் சொன்னேன். நான் கொடுத்த செல், நான் எழுதின எண், நீ கேட்ட கேள்வி, நான் அடைத்த வாய், எல்லாவற்றையும். அழுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“தெரியுங்க” என்றாள்.

“என்ன தெரியும்?”

“எல்லாந்தான். ஆஸ்பத்திரியில இருந்தே எங்கிட்டச் சொல்லிட்டான். ‘நீயா அப்பாவக் கேட்டுறாதம்மா, ரொம்ப ஒடஞ்சு போயிருப்பாரு. அவரே சொல்லுவாரு’ன்னான்.”

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“ஒங்களப் பாக்க கேம்ப்புக்கு வந்தான்ல, அன்னைக்கு வந்தது அதுக்குத்தான். தனியா இருந்தா ஒங்களுக்குச் சொல்ல வரும்னு நெனச்சுக்கிட்டு வந்தான். திரும்பிப் போற பஸ்ஸுல இருந்து எனக்குப் போன் பண்ணான். அப்புறம் மாசத்துக்கு ஒருவாட்டி கேப்பான். இப்ப சவுதிக்கு ஏறும்போது ஏர்போர்ட்டுல இருந்தும் கேட்டான். ‘அப்பா ஏதாச்சும் சொன்னாராம்மா?’ன்னு. ‘இல்லப்பா’ன்னேன். ‘சரிம்மா, பிளேனுக்குக் கூப்புடுறாங்க’ன்னு வச்சுட்டான்.”

சொல்லாமல் போய்விட்டாய் என்று இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் உன்மேல் குற்றம் சுமத்தினேன். அதை அடித்துத் திருத்த மனம் வரவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அதுவும் இருக்கட்டும். எட்டு மாதம் நீ எனக்காகக் காத்திருந்தாய். உண்மையைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கவில்லை, அது உனக்கு முதல் நாளே தெரியும். உன் அப்பா அதைச் சொல்லக்கூடிய மனிதன்தானா என்று பார்க்கக் காத்திருந்தாய். இனி நீ அம்மாவிடம் கேட்டால் ‘சொல்லிட்டாருப்பா’ என்பாள். ஆனால் நேற்று அவள் சொன்னாள், அல் கோபாரிலிருந்து நீ இரண்டு முறை பேசினாயாம். இரண்டு முறையும் நீ கேட்கவில்லையாம்.